லேப்டாப்புக்கு நெட் வேணுமா? முதல்ல டவரை பாருங்க, அப்புறம் டேட்டா கார்டு வாங்குங்க!

திண்டுக்கல்:

பிளஸ்-2 ரிசல்ட் வந்து, காலேஜ் அட்மிஷன் நெருங்கினால் போதும். செல்போன் கடைகளில் இந்த கேள்வி காதில் விழும். "லேப்டாப்புல சொருகுற நெட் கார்டு இருக்கா? எந்த கம்பெனி நல்லா எடுக்கும்?"

என்ஜினீயரிங் கவுன்சிலிங் 2018-ம் ஆண்டு முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. சென்னைக்கு பஸ் ஏறி போக வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த நாளுக்குள் காலேஜ் பட்டியலை கம்ப்யூட்டரில் பதிவு செய்தாக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி., நீட் விண்ணப்பங்களும் ஆன்லைன்தான். கடைசி நாள் ராத்திரி நெட் சுத்திக்கிட்டே நின்றால், போவது ஒரு ரீசார்ஜ் காசு மட்டும் இல்லை. பிள்ளையின் ஒரு வருஷ படிப்பே போய் விடும்.

அதனால் கார்டு வாங்குவதற்கு முன்பு கொஞ்சம் கணக்கு போட்டு பார்ப்பது நல்லது. மில்லிலும் மார்க்கெட்டிலும் உழைத்து சேர்த்த காசு. வீட்டுக்கு கொண்டு போய் சொருகிய பிறகு "சிக்னலே இல்லையே" என்று கடைக்கு திரும்ப வந்தால், "பெட்டியை பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க முடியாது" என்ற பதில்தான் கிடைக்கும்.

டேட்டா கார்டு என்பது என்ன?

சிம் கார்டு போட்ட ஒரு குட்டி செல்போன் என்று வைத்துக்கொள்ளலாம். பேச முடியாது, நெட் மட்டும் எடுக்கும். பென் டிரைவ் மாதிரி லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் சொருகினால் அது டாங்கிள். பேட்டரி போட்டு, தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிசாக இருந்தால் அது பாக்கெட் வை-பை. கரண்ட் பிளக்கில் மாட்டி வீட்டில் ஒரே இடத்தில் வைப்பது சிம் ரவுட்டர்.

மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். பக்கத்து செல்போன் டவரில் இருந்து சிக்னலை வாங்கி லேப்டாப்புக்கு கொடுக்க வேண்டும். டவரில் இருந்து வராத சிக்னலை எந்த கார்டும் உண்டாக்க முடியாது. இதை மனதில் வைத்தாலே பாதி காசு மிச்சம்.

பழைய கார்டுகள் பரணுக்கு போன கதை

2010-ம் ஆண்டு வாக்கில் டேட்டா கார்டு வைத்திருந்தாலே ஒரு கெத்துதான். டாடா போட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட், எம்.டி.எஸ். எம்பிளேஸ் என்று விளம்பரம் தூள் பறந்தது. பெரும்பாலும் சி.டி.எம்.ஏ. என்ற தொழில்நுட்பத்தில் ஓடிய கார்டுகள் அவை. ஒரு கம்பெனி கார்டில் இன்னொரு கம்பெனி சிம்மை மாற்றி போட்டு ஓட்ட வழியில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. எம்.டி.எஸ். 2017-ல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சோடு சேர்ந்தது. அந்த ஆண்டு கடைசியிலேயே ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சும் செல்போன் சேவையை மூட்டை கட்டியது. 2018-ல் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடு முழுக்க மக்கள் நம்பரை மாற்ற அலைந்தனர். டாடா செல்போன் சேவை 2019-ல் ஏர்டெல்லுடன் இணைந்தது. வோடபோனும் ஐடியாவும் 2018-ல் ஒன்றாகி, 2020-ல் வி.ஐ. என்று பெயர் மாறியது.

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பழைய கார்டுகள் எல்லாம் பரணுக்கு போய் விட்டன. இப்போது களத்தில் இருப்பது ஜியோ, ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். என்ற நான்கு பேர்தான். ஒரே கம்பெனி சிம்மில் மட்டும் ஓடும் கார்டை நம்பி பெரிய காசு போடக்கூடாது என்பதுதான் இந்த கதை சொல்லும் பாடம்.

செகண்ட் ஹேண்ட் கடைகளில் "3ஜி டாங்கிள், 200 ரூபாய்தான்" என்று தள்ளி விட பார்ப்பார்கள். ஏமாந்து விடாதீர்கள். ஜியோவுக்கு 3ஜி என்பதே கிடையாது. ஏர்டெல் 3ஜியை நிறுத்தி விட்டது. அந்த டாங்கிளை வாங்கினால் பிள்ளைகள் விளையாடத்தான் ஆகும்.

முதலில் கையில் இருக்கும் போன்

கார்டு வாங்கும் முன்பு கையில் இருக்கும் செல்போனையே போட்டு பாருங்கள். போன் செட்டிங்சில் 'ஹாட்ஸ்பாட்' என்று இருக்கும். அதை ஆன் செய்தால் லேப்டாப்பில் வை-பை ஆக வந்து விடும். சார்ஜர் வயரால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்தால் இன்னும் நல்லது. வை-பை விட்டு விட்டு வரும் தொல்லை இருக்காது. போனும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.

வாரத்தில் ரெண்டு, மூன்று நாள் விண்ணப்பம் போட, பாடம் பார்க்க மட்டும் நெட் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும். தனி கார்டும் வேண்டாம், தனி ரீசார்ஜும் வேண்டாம்.

அப்புறம் கார்டு யாருக்கு வேண்டும்? அப்பா போனை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்கு போன பிறகு வீட்டில் நெட் இல்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு. தினமும் 4, 5 மணி நேரம் லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு. போன் வந்தால் நெட் கட்டாகி விடக்கூடாது என்பவர்களுக்கு.

ஒரே லேப்டாப்தான் என்றால் டாங்கிள் போதும். வீட்டில் ரெண்டு, மூன்று பேர் சேர்ந்து பார்ப்பது என்றால் பாக்கெட் வை-பை. எப்போதும் ஒரே வீட்டில்தான் பயன்பாடு, தெருவில் பைபர் கேபிளும் போகிறது என்றால், கார்டையே மறந்து விட்டு கேபிள் கனெக்‌ஷன் கேட்டு பார்க்கலாம். டேட்டா நிறைய செலவாகும் வீட்டுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

எந்த கம்பெனி பெஸ்ட்?

இந்த கேள்விக்கு தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் பதில் உண்டு. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பறக்கிற அதே சிம், சிறுமலை அடிவாரத்தில் திணறலாம். மலை மறைத்தால் சிக்னல் வராது. ஒரே தெருவில் முன் வீட்டில் எடுப்பது பின் வீட்டில் எடுக்காமல் போகலாம்.

காரணம் இருக்கிறது. செல்போன் அலைவரிசையில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் என்று எண் குறைவாக இருந்தால் ரொம்ப தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 2300, 3500 என்று எண் கூடினால் வேகம் அதிகம் கொடுக்கலாம், ஆனால் தூரம் குறைவு, கான்கிரீட் சுவரை கண்டால் படுத்து விடும். உங்கள் ஏரியா டவரில் எந்த கம்பெனி எந்த அலைவரிசையை வைத்திருக்கிறது என்பதை பொறுத்துதான் எல்லாமே.

இன்னொரு விஷயம் கூட்டம். ஒரு டவரின் நெட்டை அந்த ஏரியா ஜனங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பகல் 11 மணிக்கு ஜோராக ஓடும் நெட், இரவு 9 மணிக்கு எல்லோரும் வீடு திரும்பி வீடியோ பார்க்கும்போது நொண்டி அடிக்கும். சிக்னல் 4 புள்ளி காட்டும், ஆனால் பக்கம் திறக்காது. ஏரியாவில் அதிகம் பேர் வைத்திருக்கும் சிம்தான் வேகமான சிம் என்று நினைத்து விட வேண்டாம்.

பி.எஸ்.என்.எல். நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரான 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27-ந் தேதி நாடு முழுவதும் தொடங்கியது. உங்கள் ஊர் டவரில் அது வந்து விட்டதா என்பதை விசாரித்து விட்டு முடிவு செய்யலாம்.

காசு செலவில்லாத டெஸ்ட்

எந்த ஏரியாவில் யாருக்கு சிக்னல் இருக்கிறது என்ற வரைபடத்தை கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று டிராய் அமைப்பு 2024-ல் விதி கொண்டு வந்தது. முதலில் அதில் உங்கள் ஊரை தேடி பாருங்கள். ஆனால் வரைபடம் தெருவரைக்கும்தான். வீட்டுக்குள் நாமே பார்த்தால்தான் உண்டு.

பக்கத்து வீட்டு அண்ணன், அக்கா, சித்தப்பா பையன் என்று வெவ்வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவர்களை கூப்பிடுங்கள். லேப்டாப் வைக்கப்போகும் அதே இடத்தில் அவர்கள் போனை வைத்து 15 நிமிஷம் ஹாட்ஸ்பாட் போட்டு பாருங்கள். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை. இரவு 9 மணி டெஸ்டில் பாஸ் ஆகிற சிம்தான் உங்கள் சிம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டெஸ்ட் செய்யும் போன் 5ஜி ஆக இருந்து, வாங்கப்போவது 4ஜி டாங்கிளாக இருந்தால் கணக்கு தப்பாகி விடும். போன் செட்டிங்சில் 4ஜி மட்டும் என்று மாற்றி வைத்து விட்டு பாருங்கள். எல்.டி.இ. என்று போட்டிருந்தால் அதுவும் 4ஜிதான்.

டாக்டர் படிப்பு இல்லைங்க!

விளம்பரத்தில் "100 எம்.பி.பி.எஸ்." என்று போட்டிருப்பார்கள். இது டாக்டர் படிப்பு இல்லை, நெட் வேகத்தின் அளவு. இதை 8-ஆல் வகுக்க வேண்டும். 40 எம்.பி.பி.எஸ். என்றால் ஒரு வினாடிக்கு 5 எம்.பி. இறங்கும். விளம்பரத்தில் சொல்வது அதிகபட்ச வேகம். எப்போதும் அதே வேகம் வரும் என்று அர்த்தம் இல்லை.

சாதாரண வீட்டுக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை. இறங்கு வேகம் 5, ஏற்று வேகம் 2 நிலையாக கிடைத்தால் வீடியோ வகுப்பு, விண்ணப்பம் எல்லாம் தாராளமாக நடக்கும். ஏற்று வேகத்தை யாரும் கவனிப்பதில்லை. போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் அப்லோடு செய்வதும், இன்டர்வியூவில் நம் முகம் அந்த பக்கம் தெரிவதும் அதை வைத்துத்தான்.

2 ஜி.பி. எங்கே போகுது?

"தினமும் 2 ஜி.பி. இருக்கு, போதாதா?" என்பார் கடைக்காரர். போனுக்கு போதும். லேப்டாப்புக்கு பத்தாது. சாதாரண தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் சுமார் 1 ஜி.பி. வரை போகும். எச்.டி. தரம் என்றால் மணிக்கு 3 ஜி.பி. வரை போகும். கூட்டமாக நடக்கும் வீடியோ வகுப்பும் மணிக்கு 1 ஜி.பி.யை தொட்டு விடும்.

இதைத்தவிர கண்ணுக்கு தெரியாத செலவு ஒன்று உண்டு. லேப்டாப்பில் விண்டோஸ் தானாகவே அப்டேட் இறக்கும். நாம் ஒன்றுமே செய்யாமல் ஜி.பி. கணக்கில் காலியாகி விடும். இதை தடுக்க, லேப்டாப் செட்டிங்சில் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' பகுதிக்கு போய், உங்கள் கனெக்‌ஷனை திறந்து, 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் நின்று விடும். மாதம் ஒரு தடவை டேட்டா மிச்சம் இருக்கும் நாளில் அப்டேட் போட்டுக்கொள்ளலாம். ஒரேயடியாக போடாமல் விட்டால் வைரஸ் தொல்லை வரும்.

தினசரி அளவு தீர்ந்தால் நெட் கட் ஆகாது, ஆனால் வேகம் 64 கே.பி.பி.எஸ். அல்லது அதற்கும் கீழே இறங்கி விடும். அந்த வேகத்தில் 1 எம்.பி. போட்டோ ஒன்று போய்ச்சேரவே 2 நிமிஷத்துக்கு மேல் ஆகும். 5 சான்றிதழ் அப்லோடு செய்வதற்குள் வெப்சைட் "நேரம் முடிந்தது" என்று வெளியே தள்ளி விடும். எனவே கடைசி நாள் வேலை இருக்கும்போது வீடியோ பார்ப்பதை தள்ளி வைப்பது புத்திசாலித்தனம்.

லேப்டாப்புக்கு தினசரி பிளானை விட, மொத்தமாக இத்தனை ஜி.பி. என்று கொடுக்கும் பிளான் பல பேருக்கு வசதி. ஒரு நாள் 10 ஜி.பி., அடுத்த நாள் ஒன்றுமே இல்லை என்று இஷ்டப்படி செலவு செய்யலாம். "5ஜி அன்லிமிடெட்" என்பதை நம்பி சிம்மை 4ஜி டாங்கிளில் போட்டால் அன்லிமிடெட் கிடைக்காது. 5ஜி சிக்னல் இருக்கும் இடத்தில், 5ஜி கருவியில்தான் அது செல்லும்.

28 நாள் கணக்கு

மாத பிளான் என்று சொல்வது பல நேரம் 28 நாள்தான். 12 மாதத்துக்கு 12 ரீசார்ஜ் என்று நினைப்போம். 365 நாளை 28-ஆல் வகுத்தால் 13 வரும். வருஷத்துக்கு ஒரு ரீசார்ஜ் கூடுதல். 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் முடியும் பிளான் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022-ல் உத்தரவிட்டது. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். மொத்த விலையை நாளால் வகுத்து ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் உண்மை விலை தெரிந்து விடும்.

கடையில் கேட்க வேண்டியது

"எல்லா கம்பெனி சிம்மும் எடுக்குமா, லாக் போட்டதா?" இதுதான் முதல் கேள்வி. உங்கள் சிம்மையும், பிறகு வேறு கம்பெனி சிம் ஒன்றையும் கடையிலேயே போட்டு காட்ட சொல்லுங்கள்.

ரெண்டாவது, பெட்டியில் 'பேண்டு' என்று போட்டு சில எண்கள் இருக்கும். 4ஜிக்கு 1, 3, 5, 8, 40 இருந்தால் தனியார் சிம்கள் பெரும்பாலும் ஓடும். பி.எஸ்.என்.எல். 4ஜி வேண்டும் என்றால் 28 என்ற எண் இருப்பது முக்கியம். அது 700 மெகாஹெர்ட்ஸ், தூரமாக போகும் அலைவரிசை. விலை மலிவான பல டாங்கிள்களில் இந்த 28 இருக்காது.

மூன்றாவது, பில். ஐ.எம்.இ.ஐ. நம்பர் போட்ட பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். வாரண்டிக்கும், பின்னால் வழக்கு போடுவதற்கும் அதுதான் ஆதாரம்.

நான்காவது, சிம் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். "ஆக்டிவேட் ஆன சிம் ரெடியா இருக்கு" என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாக பார்க்கலாம். பாக்கெட் வை-பை வாங்கினால் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி விடுங்கள். இல்லாவிட்டால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் உங்கள் டேட்டாவில் படம் பார்ப்பார்கள்.

வாங்கிய பிறகு சிக்னல் குறைவா?

வீட்டுக்குள் நடுவில் வைக்காமல் ஜன்னல் ஓரம், உயரமான இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, தகர ஷீட் பக்கத்தில் வேண்டாம். டாங்கிளை நேராக சொருகாமல், யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் மாட்டி ஜன்னல் வரை கொண்டு போகலாம். சின்ன செலவில் பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்படியும் சரி வராவிட்டால் கம்பெனியை மாற்றுங்கள், நம்பரை மாற்ற வேண்டாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு 10 இலக்க நம்பரை போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு கோடு வரும். அதை 4 நாளுக்குள் புது கம்பெனியில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவது என்றால் 3 வேலை நாளில் முடியும். ஆனால் இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியவர்கள் 7 நாள் காத்திருக்க வேண்டும். இது 2024 ஜூலை 1-ந் தேதி வந்த விதி.

புகார் எங்கே?

காசு எடுத்துக்கொண்டு நெட் வரவில்லை என்றால் முதலில் 198-க்கு போன் போட்டு புகார் கொடுங்கள். புகார் எண்ணை கட்டாயம் எழுதி வையுங்கள். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு பிரிவு. அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அசையவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். செல்போன் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்துக்கு போக முடியும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2022-ல் தீர்ப்பு சொல்லி இருப்பது குறிப்பிடத்தக்கது.

என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு வீட்டில் நெட் சரியில்லாதவர்களுக்காக மாவட்டம் தோறும் உதவி மையங்கள் அமைக்கப்படுகின்றன. கம்ப்யூட்டரும், சொல்லிக்கொடுக்க ஆட்களும் அங்கே இருப்பார்கள். புதுசாக வாங்கிய கார்டை மட்டும் நம்பி கடைசி நாள் ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். முந்தின நாளே வேலையை முடித்து விடுங்கள்.